பாண்டிக்கு வர்றவங்களுக்கு வடக்குப் பக்கத்துக்காரன் சொல்றது



சனி, ஞாயிறு வந்தா எங்க ஈசிஆர் ரோட்டைக் குறுக்கே தாண்டறதே ஒரு வேலை. அத்தனை வண்டி. எல்லாம் பாண்டிச்சேரிக்கு. கோட்டக்குப்பத்துல வண்டியை ஓரம் கட்டி வழி கேட்கிறவங்க பெரும்பாலும் கேட்கிறது ஒரே கேள்விதான்: "அண்ணே, மணல் இருக்கிற பீச் எந்தப் பக்கம்?"

கையைக் காட்டி அனுப்பிடலாம். ஆனா அந்தக் கேள்விக்கான பதில் நாற்பது வருஷக் கதை. அதை ரோட்டோரம் நின்னு சொல்ல முடியாது. அதனால இங்க எழுதறேன். எப்போ வரணும், வழியில என்ன பார்க்கணும், ஊருக்குள்ள எப்படிச் சுத்தணும், கடல்ல எங்க இறங்கக் கூடாது, எல்லாத்தையும் சேர்த்தே சொல்லிடறேன்.

எப்போ வரலாம்

தை, மாசி நல்ல காலம். வெயில் தாங்கும், பறவை இருக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் உப்பளத்துல வேலை மும்முரம். ஆனா மத்தியானம் வெளியில தலை காட்ட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலம். 2011 டிசம்பர்ல தானே, 2024 நவம்பர்ல ஃபெஞ்சல், ரெண்டுமே இந்தக் கரையைத்தான் தாக்குச்சு. ஃபெஞ்சல் அன்னிக்கு மயிலத்துல 50 சென்டிமீட்டருக்கு மேல மழை. அந்த மாசங்கள்ல வானிலை அறிக்கையைப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.

முடிஞ்சா செவ்வாய், புதன்னு வார நாள்ல வாங்க. ரூம் வாடகையும் குறையும், ஊரும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும். புது வருஷ ராத்திரிக்கு மட்டும் குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு வராதீங்க.

வர்ற வழியும் ஊர்தான்

சென்னையிலிருந்து பாண்டி சுமார் 150 கிலோமீட்டர். மூணு மணி நேரத்துல வந்துட்டேன்னு பெருமையா சொல்றாங்க. நான் சொல்றது, ஒரு பகல் எடுத்துக்கிட்டு வாங்க.

பள்ளிக்கூடத்துல ஆற்றுப்படைன்னு படிச்சிருப்பீங்க. பரிசு வாங்கிட்டு வர்ற பாணன், எதிர்ல வர்ற இன்னொரு பாணனுக்கு வழி சொல்றது. போய்ச் சேர்ற இடத்தை மட்டும் சொல்ல மாட்டான். வழியில எந்த ஊர்ல யார் இருப்பாங்க, என்ன சாப்பிடக் கொடுப்பாங்கன்னும் சொல்லுவான். நல்லூர் நத்தத்தனார் பாடின சிறுபாணாற்றுப்படை எங்க பக்கத்து ஓய்மாநாட்டுக்கு வழி சொல்ற பாட்டு. அதுல வர்ற எயிற்பட்டினம் இந்த மரக்காணம் பக்கம்தான்னு அறிஞர்கள் சிலர் சொல்றாங்க. அந்தக் காலத்துலயே வழியைப் பார்த்துக்கிட்டுப் போன ரோடு இது.

கடப்பாக்கம் வந்ததும் கடல் பக்கம் திரும்பினா ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டினது. 1750ல டூப்ளேக்கு வந்து, 1760ல ஆங்கிலேயர் கையால இடிபட்டது. பாதிச் சுவர்தான் மிச்சம். ஆனா மேலே நின்னா ஒரு பக்கம் கழி, அந்தப் பக்கம் மணல் திட்டு, அதுக்கப்புறம் கடல். நிழல் கிடையாது, காலையிலேயே பார்த்துடுங்க. இடிஞ்ச சுவர் மேல ஏறாதீங்க.

அடுத்தது மரக்காணம். ஊருக்குள்ள பூமீஸ்வரர் கோயில், ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிற கற்கோயில். கால் மணி நேரம் போதும். கூட்டம் இருக்காது.

மேற்கே கழுவெளி. மழைத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற பெரிய ஈரநிலம். 2021ல பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2024ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்திடுச்சு. மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் பூநாரையும் செங்கால் நாரையும் பார்க்கலாம். விடிகாலையில போங்க. பாட்டுப் போட்டுக்கிட்டு, டிரோனை விட்டுக்கிட்டுப் போனா ஒரு பறவையும் நிக்காது.

உப்பளத்தைப் பார்க்கும்போது

மரக்காணத்துல எல்லாரும் வண்டியை நிறுத்தி வெள்ளைக் குவியல் முன்னாடி போட்டோ எடுக்கிறாங்க. எடுங்க. கூடவே அங்க நடக்கிற வேலையையும் பத்து நிமிஷம் பாருங்க.

கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அந்தத் தண்ணியைப் பெரிய பாத்தியில விட்டு வெயில்ல காய வைப்பாங்க. அடர்த்தி ஏற ஏற, பாத்தி மாத்தி மாத்தி சின்னப் பாத்திக்குக் கொண்டு வருவாங்க. டிகிரி 25 கிட்ட வந்ததும் உப்பு பூக்கும். அதுக்கு மேல ரொம்ப விட்டா கசப்பு சேரும். அதுக்குள்ள பலகையால வாரிக் கரையேத்தணும். வயல்ல தண்ணி கட்டத் தெரிஞ்சவனுக்கு இது பாதி தெரிஞ்ச வேலைதான். ஒரே வித்தியாசம், நாங்க மழைக்கு வேண்டிக்கிறோம், அவங்க மழை வேண்டாம்னு வேண்டிக்கிறாங்க. ஒரு கோடை மழை பெஞ்சா பூத்த உப்பு அத்தனையும் கரைஞ்சிடும். ஐப்பசி, கார்த்திகையில அவங்களுக்கு வேலையே கிடையாது.

விடியறதுக்கு முன்னாடியே இறங்கிடுவாங்க, ஏன்னா வெயில் ஏறினா உப்போட வெளிச்சம் கண்ணைக் குத்தும். அதனால ரெண்டே விஷயம் கேட்டுக்கிறேன். பாத்தி வரப்பு மேல செருப்புக் காலோட நடக்காதீங்க, வரப்பு உடைஞ்சா ஒரு வாரத்து வேலை போயிடும். வேலை செய்யற பொம்பளைங்களைக் கேட்காம போட்டோ எடுக்காதீங்க.

மரக்காணம் தாண்டினா ரோட்டோரமா தர்பூசணிக் குவியல். தை கடைசியிலிருந்து வரும். விளைவிச்சவங்களே விக்கிற இடமும் உண்டு, வாங்கிச் சாப்பிடுங்க. மல்லாட்டை சீசன்ல பச்சை மல்லாட்டை அவிச்சுத் தருவாங்க. சென்னைப் பக்கத்துக்காரங்க வேர்க்கடலைன்னு சொல்றதுதான். மணிலான்னும் சொல்லுவோம். 19ஆம் நூற்றாண்டுல இந்தப் பக்கத்து மணிலா பாண்டித் துறைமுகத்துல கப்பல் ஏறி, எண்ணெய் ஆட்டறதுக்காகப் பிரான்சுல மார்சேய் வரைக்கும் போச்சு. பாண்டியில நீங்க அண்ணாந்து பார்க்கிற பெரிய பெரிய வீட்டுல எங்க புஞ்சைக் காசும் கொஞ்சம் கலந்திருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு.

கீழ்ப்புத்துப்பட்டுல மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் ஒட்டி ஒரு காடு இருக்கு. கடலோரத்துல முன்னாடி எப்படிக் காடு இருந்துச்சுன்னு தெரியணும்னா அங்க நின்னு பாருங்க. சாமி பேர்ல விட்டதாலதான் அந்த மரமெல்லாம் பிழைச்சுது.

எந்த ஊர் எந்த ஸ்டேட்

இதுல எல்லாரும் குழம்பறாங்க. கனகசெட்டிகுளம் வந்ததும் புதுச்சேரி வந்துடும். காலாப்பட்டு வரைக்கும் புதுச்சேரி. அப்புறம் பொம்மையார்பாளையத்துல மறுபடியும் தமிழ்நாடு. சின்ன முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டை தொட்டா திரும்பவும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் அங்கங்க துண்டு துண்டா வச்சிருந்த நிலம், 1954 நவம்பர் 1ல இந்தியா கைக்கு வந்தப்புறமும் எல்லை அப்படியே நின்னுடுச்சு.

இதுல உங்களுக்கு என்ன? பாண்டியில சரக்கு விலை குறைச்சல்னு வாங்கி வண்டியில வச்சுக்கிட்டு வடக்கே வந்தா, கோட்டக்குப்பத்துல தமிழ்நாட்டுச் சட்டம். சோதனை உண்டு. வழக்கு வரும், வண்டியும் போகும். ரூம் கோட்டக்குப்பத்துல எடுத்துட்டு, "பாண்டியிலதானே இருக்கோம்"னு வாதாடறவங்களைப் பார்த்திருக்கேன். செல்லாது.

கோட்டக்குப்பம் முஸ்லிம் மக்கள் அதிகமா இருக்கிற ஊர். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்துல பள்ளிவாசல் பக்கம் வண்டியை நிறுத்தாதீங்க. ரம்ஜான் மாசம் சாயங்காலம் வந்தா நோன்புக் கஞ்சி வாசனை தெரு முழுக்க இருக்கும். குடியிருக்கிற தெரு அது. பீச்சுல போட்ட உடுப்போட உள்ளே நடக்காம, மேலே ஒண்ணு போட்டுக்கிட்டுப் போனா எல்லாருக்கும் மரியாதை.

ஊருக்குள்ள

கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரைக்கும் வண்டி விடமாட்டாங்க. காலை அஞ்சரைக்கு வாங்க. காந்தி சிலை, 1836லயே விளக்கு எரிஞ்ச பழைய கலங்கரை விளக்கம், எல்லாம் நடக்கிற தூரம்தான்.

அதுக்குப் பக்கத்துலயே பாரதி பூங்கா. நடுவுல ஆயி மண்டபம். எல்லாரும் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. அது தண்ணிக்காகக் கட்டின மண்டபம். ஆயின்னு ஒரு தாசி. அவ வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துக் கோயில்னு நினைச்சு ராஜா கும்பிட்டுட்டாராம். விஷயம் தெரிஞ்சதும் கோபப்பட்டு வீட்டை இடிக்கச் சொன்னார். அவளே இடிச்சு, அந்த இடத்துல ஊருக்குக் குளம் வெட்டினாள்னு கதை. முத்திரையர்பாளையத்துலேருந்து அந்தத் தண்ணிதான் பின்னாடி வாய்க்கால் வழியா டவுனுக்கு வந்துச்சு. மூணாம் நெப்போலியன் காலத்துல அதுக்கு நினைவு மண்டபம் கட்டினாங்க. இன்னிக்கும் புதுச்சேரி அரசு முத்திரையில இருக்கிறது அந்த மண்டபம்தான்.

மணக்குள விநாயகர் கோயில் பிரெஞ்சுக்காரன் வர்றதுக்கு முந்தியே இருந்தது. யானை லட்சுமியைத் தேடி இன்னமும் சிலர் வர்றாங்க. அது 2022 நவம்பர் 30ல இறந்துபோச்சு. அரவிந்தர் ஆசிரமத்துல பேச்சே கூடாது, போனை அணைச்சுட்டுத்தான் போகணும்.

மஞ்சள் பூசின வெள்ளைக்காரர் தெருவை மட்டும் பார்த்துட்டுத் திரும்பாதீங்க. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வாங்க. வைசியாள் வீதியில கீழே திண்ணையும் தாழ்வாரமும் தமிழ் வீடு, மேல்மாடி பிரெஞ்சு வீடு. ரங்கப்பிள்ளை வீதியில, டூப்ளேக்குத் துபாஷியா இருந்து 1736லிருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளையோட வீடு. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதி இருந்த வீடு. 1908ல வந்து பத்து வருஷம் இந்த ஊர்ல இருந்தார். குயில் பாட்டுக்கு இடமான தோப்பு முத்தியால்பேட்டை பக்கம். பெருமாள் கோயில் தெருவுல பாரதிதாசன் வீடு. ஞாயித்துக்கிழமை காந்தி வீதியில சண்டே மார்க்கெட். துணி மலிவு, பேரம் பேசுங்க.

ஆரோவில் போறவங்களுக்கு: மாத்ரிமந்திர் உள்ளே போக முன்பதிவு வேணும். வெளியிலிருந்து பார்க்க, பார்வையாளர் மையத்துல சீட்டு வாங்கிட்டுக் கொஞ்ச தூரம் நடக்கணும். அந்த உருண்டையைவிட என்னை நிறுத்தினது அங்க இருக்கிற மரம்தான். 1968ல அது ஆரம்பிச்சப்போ அந்த மேடு செம்மண் பொட்டல். மழைத் தண்ணி மண்ணை அரிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போகும். வரப்புப் போட்டு, தண்ணியை நிறுத்தி, அப்புறம்தான் மரம் வச்சாங்க. விவசாயி யாராவது வந்தா அந்த வரப்புகளைப் பாருங்க.

மணல் எங்க போச்சு

இப்போ அந்தக் கேள்விக்கு வர்றேன்.

கடற்கரைச் சாலையில நீங்க பார்க்கிற கருங்கல் குவியல் முன்னாடி கிடையாது. அங்க மணல் இருந்துச்சு. எங்க வயசுக்காரங்க அந்த மணல்ல ஓடி விளையாடினவங்க.

எங்க கரையில மணல் சும்மா கிடக்கிறது இல்ல, நடக்கும். தென்மேற்குக் காத்து காலத்துல அலை மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளும். வாடைக் காத்து காலத்துல கொஞ்சம் திரும்ப இழுக்கும். கூட்டிக் கழிச்சா வருஷத்துக்கு வடக்கே போறதுதான் அதிகம். தெற்கேயிருந்து வர வேண்டியது வந்துக்கிட்டே இருந்தா கரை அப்படியே நிக்கும்.

1980களோட கடைசியில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள ரெண்டு கல் சுவர் கட்டினாங்க. மணல் அங்கேயே நின்னுபோச்சு. சுவருக்குத் தெற்கே கரை வளர்ந்துச்சு, வடக்கே தேய ஆரம்பிச்சுது. விவசாயிக்கு இதைப் புரிய வைக்கப் பொறியாளர் வேண்டாம். தலைமடைக்காரன் வாய்க்காலை அடைச்சா கடைமடை காயும். அவ்வளவுதான்.

டவுனைக் காப்பாத்தக் கல்லைக் கொட்டினாங்க. கல் இருக்கிற இடத்துல கடல் நின்னுது, கல் முடியற இடத்துல அரிச்சுது. வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், இப்போ பொம்மையார்பாளையம் வரைக்கும் வந்தாச்சு. அங்கங்க தூண்டில் வளைவு போடறாங்க. ஒரு குப்பத்துக்குப் போட்டா அந்தக் குப்பம் தப்பிக்குது, அதுக்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்கு மணல் வரத்து குறையுது. அந்தக் குப்பத்துக்காரங்களும் தூண்டில் வளைவு கேட்டு ரோட்ல உட்காருறாங்க. அவங்க மேல என்ன தப்பு? வீட்டுச் சுவர் கடல்ல விழும்போது பக்கத்து ஊர் நியாயம் பேச முடியுமா?

கரைங்கறது மீனவனுக்குக் களம் மாதிரி. படகை ஏத்தி நிறுத்த, வலை காய வைக்க, கருவாடு பரப்ப மணல் வேணும். கல் மேல படகை ஏத்த முடியாது. களம் இல்லாத விவசாயி கதியை நினைச்சுப் பாருங்க.

2018ல தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கடலுக்கடியில ஒரு செயற்கைத் திட்டு வச்சாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு. ஜனங்க உட்கார்ந்து சுண்டல் சாப்பிடறாங்க. பார்க்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அடைச்ச மடை திறக்கிற வரைக்கும் வடக்கே இருக்கிறவங்களுக்கு விடியாது. தெற்கே சேர்ற மணலை எடுத்து வடக்கே கொண்டாந்து போட்டுக்கிட்டே இருந்தா தீரும்னு கடல் தெரிஞ்சவங்க சொல்றாங்க. ஒரு வருஷம் போட்டுட்டு நிறுத்தற வேலை இல்ல அது, வருஷா வருஷம் தூர் வாரற மாதிரி.

அதனால, காலையில கடற்கரைச் சாலையைப் பார்த்துட்டு, அப்படியே ஒரு தடவை வடக்கே தந்திராயன்குப்பம் வரைக்கும் வாங்க. செரினிட்டி பீச்னு நீங்க சொல்றது அதுதான். கல் எங்க முடியுது, கரை எங்க வளையுது, எந்த வீட்டுக்கு வாசல் இல்லைன்னு பாருங்க. பாண்டிச்சேரிக் கடற்கரையை முழுசாப் பார்த்ததா அப்போதான் அர்த்தம்.

கடல்ல இறங்கறதுக்கு முன்னாடி

இதை மட்டுமாவது படிச்சுட்டு வாங்க. வெளியூர்ப் பிள்ளைங்க கடல்ல போறது எங்க கரையில மாசத்துக்கு மாசம் காதுல விழற சேதி.

கரை அரிச்ச இடத்துல பத்தடி போனதுமே பள்ளம் விழும். தூண்டில் வளைவுக் கல்லை ஒட்டித் தண்ணி அமைதியாத் தெரியும். ஏமாந்துடாதீங்க, கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழி அதுதான், அங்கதான் இழுப்பு அதிகம். கல் மேல பாசி இருக்கும், செல்ஃபி எடுக்க ஏறாதீங்க. குடிச்சுட்டு இறங்கவே கூடாது. இழுத்துட்டா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாம, கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி இழுப்பை விட்டு வெளியே வரணும். பக்கத்துல இருக்கிறவங்க கூடவே குதிக்காம கத்துங்க, கயிறோ கேனோ தூக்கிப் போடுங்க.

முதல்ல கரையில வலை பின்னிக்கிட்டிருக்கிற பெரியவரைக் கேளுங்க. "இன்னிக்கு வேணாம் தம்பி"ன்னு அவர் சொன்னா வேணாம்தான்.

சின்னச் சின்னக் குறிப்பு

மியூசியம் பார்க்கணும்னா திங்கட்கிழமை தவிர்த்துடுங்க. அரிக்கமேட்டுல 1945ல வீலர் தோண்டினப்போ கிடைச்ச மாதிரியான ரோமானிய ஜாடித் துண்டும் மணியும் அங்கதான் பார்க்க முடியும். அரிக்கமேட்டுக்கு நேரா போனா ஆத்தங்கரையும் மாந்தோப்பும் இடிஞ்ச சுவரும்தான். எனக்கு அதுவே பிடிக்கும்.

வாடகை ஸ்கூட்டர் எடுத்தா ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்க. ஈசிஆர்ல ராத்திரி வேகம் வேண்டாம், மாடும் குறுக்கே வரும், மனுஷனும் வருவான்.

தங்கற இடத்துல தண்ணியைப் பார்த்துச் செலவு பண்ணுங்க. கடலோரத்துல நல்ல தண்ணிங்கறது உப்புத் தண்ணி மேல ஒரு போர்வை மாதிரி நிக்கிறது. மேலே ரொம்ப உறிஞ்சினா கீழேயிருந்து உப்பு ஏறும். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க, உப்பு ஏறின கிணத்துல நாங்க நாத்து விட முடியாது.

மீன் சாப்பிடணும்னா காலையில படகு வர்ற நேரத்துக்குப் போய்க் கூடைக்காரம்மாகிட்ட வாங்கி, தங்கற இடத்துல சமைச்சுத் தருவாங்களான்னு கேளுங்க. பனங்காய் காலத்துல நுங்கு விட்டுடாதீங்க. கொண்டு வந்த பாட்டிலையும் பாலித்தீனையும் வண்டியிலேயே திருப்பி எடுத்துட்டுப் போங்க. காத்து அடிச்சா அது எங்க வயலுக்குத்தான் வரும், மாடு தின்னுடும்.

நிதானமா வாங்க, பார்த்துட்டு பத்திரமா வீடு போய்ச் சேருங்க.